பள்ளிச் சமையலுக்கு மரக்கறி: மன்னாரில் அரசாங்கக் கொள்வனவுக்கு விற்கும் முறை

மன்னார் மாவட்டத்தில் அரசாங்கக் காசில் நாள்தோறும் அடுப்பெரியும் இடங்கள் மூன்று வகை. முதல் வகை, ஆரம்பப் பிரிவுள்ள பாடசாலைகளும் முன்பள்ளிகளும். இரண்டாவது, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையும் தலைமன்னார், பேசாலை, முருங்கன், சிலாவத்துறை, அடம்பன் போன்ற இடங்களில் உள்ள வைத்தியசாலைகளும். மூன்றாவது, முப்படை முகாம்கள். மூன்றுக்கும் மரக்கறியும் பழமும் தேவை. ஆனால் வாங்கும் முறையும் காசு கைக்கு வரும் வழியும் ஒவ்வொன்றிலும் வேறு. முகாம்கள் பெருந்தொகைக் கேள்வி (விலைமனு) மூலம் பெரிய ஒப்பந்தகாரரிடம் வாங்குகின்றன. வைத்தியசாலைகள் ஆண்டுக் கேள்வி கோருகின்றன. பாடசாலைச் சாப்பாட்டை மட்டும் அந்தந்த ஊரிலேயே ஒருவர் சமைத்துக் கொடுக்கிறார். கால் ஏக்கரிலும் அரை ஏக்கரிலும் தோட்டம் செய்பவருக்கு முதலில் எட்டக்கூடியது இந்தப் பாடசாலைதான். எனவே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியே பேசுகிறது.

வாங்குபவர் யார்?

பாடசாலையில் சாப்பாடு கொடுப்பது இலங்கைக்குப் புதிதல்ல. பள்ளியில் பணிஸ் வாங்கித் தின்ற காலத்தை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பணிஸ் வெளிநாட்டு உதவியாக வந்த கோதுமை மாவில் செய்யப்பட்டது. போர்க்காலத்திலும் மீள்குடியேற்றத்தின் பின்பும் வடக்கின் பாடசாலைகளுக்கு உலக உணவுத் திட்டம் அரிசி, பருப்பு, எண்ணெய் வழங்கியது. அவையும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவைதான். உலர் உணவு மூட்டையில் வரும், கீரை மூட்டையில் வராது. அதனால் அந்தக் காலத்திலும் மரக்கறியை ஊர்தான் தேடிக்கொண்டது. பின்னர் பாடசாலைக்குச் சமைத்துக் கொடுக்கும் வழங்குநர்களுக்கு விதையும் கோழிக்குஞ்சும் கொடுத்து, அவர்கள் தோட்டத்து விளைச்சலே பிள்ளைகளின் தட்டுக்குப் போகும்படி செய்யும் திட்டத்தை உலக உணவுத் திட்டம் அரசாங்கத்தோடு சேர்ந்து வட மாகாணத்தவை உட்படச் சில மாவட்டங்களில் தொடங்கியது.

2024 மார்ச்சில், அதுவரை தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளுக்கு மட்டும் கிடைத்த உணவு, அரச பாடசாலைகளில் 1 ஆம் தரம் முதல் 5 ஆம் தரம் வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கான தொகை பொருளாதார நெருக்கடிக்கு முன் 30 ரூபாவாக இருந்தது. அது படிப்படியாக ஏறி 2024 இல் 110 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இந்தத் தொகை சுற்றுநிருபத்துக்குச் சுற்றுநிருபம் மாறக்கூடியது. எனவே ஆண்டுத் தொடக்கத்தில் மன்னார் அல்லது மடு வலயக் கல்விப் பணிமனையில் நடப்புத் தொகையையும் உணவுப் பட்டியலையும் கேட்டறிந்த பிறகே எந்தக் கணக்கையும் போட வேண்டும்.

அரசாங்கம் நேரடியாகக் கத்தரிக்காய் வாங்குவதில்லை. பாடசாலை மட்டத்தில் அதிபர், ஆசிரியர், பெற்றோர் அடங்கிய குழு ஒன்று ஊருக்குள் ஒரு வழங்குநரைத் தெரிவு செய்கிறது. வழங்குநர் பெரும்பாலும் அந்தப் பாடசாலையில் படிக்கும் பிள்ளை ஒன்றின் தாய். பொருளை அவர் தன் காசில் வாங்கி, தன் வீட்டிலோ பாடசாலைச் சமையலறையிலோ சமைத்துக் கொடுக்கிறார். மாதம் முடிந்தபின் பிள்ளைகளின் வரவைக் கணக்கிட்டுப் பாடசாலை உறுதிச்சீட்டைத் தயாரித்து அனுப்பும். அதற்குப் பிறகுதான் அவருக்குக் காசு வரும். ஆகவே தோட்டக்காரரின் உண்மையான வாடிக்கையாளர் திணைக்களம் அல்ல, விடியற்காலையில் அடுப்பு மூட்டும் அந்தத் தாய். அவருடைய கையிருப்பு, அவருடைய நேரம், அவருடைய பயம் ஆகியவற்றை அறியாமல் இந்தச் சந்தையில் ஒரு கட்டுக் கீரை கூடத் தொடர்ந்து விற்க முடியாது.

110 ரூபாவின் கணக்கு

மன்னார்த் தீவில் உள்ள ஒரு பாடசாலையில் ஆரம்பப் பிரிவில் 120 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு வழங்குநருக்குச் சேரும் தொகை 13,200 ரூபா. இதற்குள் அரிசி, பருப்பு, முட்டை அல்லது நெத்தலி, தேங்காய், எண்ணெய், விறகு அல்லது காஸ், உதவிக்கு வரும் பெண்ணின் கூலி, கடைசியாக அவருடைய சொந்த உழைப்பு எல்லாம் அடங்க வேண்டும்.

மரக்கறிக்கு வருவோம். பிள்ளைக்குக் கறிக்கு 40 கிராமும் வறை அல்லது சம்பலுக்கு 20 கிராம் கீரையும் என்று எடுத்தால், நாளுக்கு 4.8 கிலோ மரக்கறியும் 2.4 கிலோ கீரையும் வேண்டும். சராசரி விலை கிலோ 300 ரூபா என்றால் 7.2 கிலோவுக்கு 2,160 ரூபா, அதாவது பிள்ளைக்கு 18 ரூபா. இதை அவர் தாங்குவார். மார்கழி, தை மாதங்களில் மழையால் வரத்துக் குறைந்து சராசரி விலை 600 ரூபாவாக ஏறினால் பிள்ளைக்கு 36 ரூபா, மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு. அப்போது அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: கறியில் தண்ணீர் கூடும், கீரை இல்லாமற் போகும். குறைவது பிள்ளையின் தட்டில்.

தோட்டக்காரர் விலை பேச வேண்டிய இடமும் இதுவே. சந்தையில் விலை ஏறும்போது ஏற்றி, இறங்கும்போது இறக்கி விற்பவரிடம் வழங்குநர் எந்த நாளிலும் வாங்கலாம், அதற்குத் தனியாக ஓர் ஆள் தேவையில்லை. தவணை முழுவதற்கும் ஒரே விலை சொல்பவர்தான் அவருக்குத் தேவை. மலிந்த காலத்தில் சந்தையை விடச் சற்றுக் கூடவும், அரிய காலத்தில் சந்தையை விட நன்றாகக் குறையவும் இருக்கும் ஒரு நடு விலையை இருவரும் சேர்ந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரியும் மடுவில் ஆடி, ஆவணித் திருவிழாக்களும் வரும் நாட்களில் மரக்கறி விலை துள்ளும். அந்த நாட்களில் சந்தைக்காரர் கூடிய விலை தருவதாகச் சொன்னதும் பாடசாலைக்குப் போக வேண்டியதைத் திருப்பிவிட்டவருக்கு அடுத்த தவணையில் இடம் கிடைப்பது அரிது. ஒரு நாள் மரக்கறி வராவிட்டால் வழங்குநர் 120 பிள்ளைகளுக்கும் அதிபருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தீவு மண்ணில் எதை நடுவது?

மன்னார் கடைகளுக்கு வரும் மரக்கறியின் பெரும்பகுதி தம்புள்ளையிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் லொறியில் மதவாச்சி வீதி வழியாக வந்து, பாலம் தாண்டித் தீவுக்குள் நுழைகிறது. கரட், போஞ்சி, கோவா, லீக்ஸ் ஆகியவற்றோடு உள்ளூர்த் தோட்டம் போட்டியிட முடியாது, போட்டியிடவும் தேவையில்லை. ஒரு நாள் லொறியில் கிடந்தால் வாடிவிடுபவற்றையும், லொறி வராத நாளில் கைகொடுப்பவற்றையும் நடுவதுதான் இங்கே கணக்கு. முதலாவது கீரை. இரண்டாவது பூசணி.

கீரைக்கு இடக்கணக்கு எளிது. மேலே சொன்ன பாடசாலைக்கு வாரத்தில் ஐந்து நாட்களுக்கு 12 கிலோ கீரை வேண்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு கிலோ என்று குறைத்துக் கணக்கிட்டாலும் வாரத்துக்கு 12 சதுர மீற்றர் பாத்தி போதும். முளைக்கீரை விதைத்து 25 முதல் 30 நாட்களில் பிடுங்கப்படும். ஐந்து பாத்திகளை வைத்து வாரம் ஒன்றாக விதைத்து வந்தால், முதற் பாத்தி பிடுங்கி எரு இட்டு மறுபடி விதைக்கும்போது அடுத்தது தயாராக இருக்கும். மொத்தம் 60 சதுர மீற்றர், ஒரு வீட்டு வளவு. இதோடு வேலியோரம் முருங்கையும் அகத்தியும், கிணற்றடியில் பொன்னாங்காணியும் வல்லாரையும் இருந்தால் கிழமைக்கு ஒரு நாளாவது இலை மாறும். ஒரே கீரையை ஐந்து நாளும் போட்டால் பிள்ளைகள் தட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதை எந்த வழங்குநரும் சொல்வார்.

பூசணி நட்டு ஏறக்குறைய மூன்று மாதத்தில் முற்றும். காம்போடு வெட்டி, காற்றோட்டமான நிழலில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வைத்தால் மேலும் இரண்டு மாதம் கெடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அருவியாறு பெருகி வீதிகள் மூடப்படும் நாட்களில் இந்தக் கையிருப்புக்கு மதிப்புக் கூடும். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைப் பக்கமாகக் கரையேறி மன்னார் வழியாகக் கடலுக்குப் போனது. அப்படிப்பட்ட கிழமைகளில் வீட்டுத் திண்ணையில் இருபது பூசணிக்காய் வைத்திருப்பவரைத் தேடித்தான் வழங்குநர் வருவார்.

இவற்றுக்கு இடையே வெண்டி, கத்தரி, பயற்றை. வெண்டியும் பயற்றையும் 45 முதல் 55 நாட்களில் காய்க்கத் தொடங்கும். கத்தரி நாற்று நட்டு இரண்டு, இரண்டரை மாதம் எடுத்தாலும் பல மாதம் பலன் தரும். அடம்பன், உயிலங்குளம், நானாட்டான், முருங்கன் பக்கம் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல் வெட்டிய வயலில் சிறுபோகத்துக்கு மரக்கறி போடும் வசதி உண்டு. தீவில் அது இல்லை. எருக்கலம்பிட்டி, தோட்டவெளி, பேசாலை மணலில் தோட்டம் நிற்பது நிலத்தடியில் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீரை நம்பியே. மார்கழி மழை முடிந்ததும் கிணறும் பூவலும் நிறைந்திருக்கும். தை முதல் சித்திரை வரை தீவின் நல்ல காலம், அது முதலாம் தவணையோடு ஒத்துப்போவது ஒரு வசதி. அதற்குப் பிறகு தண்ணீர் இறங்கும். பெரிய பம்பியைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் கீழிருக்கும் உப்பு நீர் மேலேறிவிடும், ஒரு முறை உவரேறிய கிணறு அடுத்த மழை வரைக்கும் தேறாது. சிறிய பம்பியில் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதும், பாத்திக்குப் பனையோலையோ வைக்கோலோ மூடாக்குப் போடுவதும், இயன்றால் சொட்டு நீர்ப்பாசனமும் தீவில் கட்டாயம்.

காற்றும் ஒரு பயிர்ப்பகைதான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை அடிக்கும் சோளகம் மணலை வாரி இலையில் அறைந்து குருத்தைக் கருக்கிவிடும். தென்மேற்குப் பக்கம் ஆள் உயரத்துக்குப் பனையோலை வேலி இல்லாமல் இரண்டாம் தவணையில் எதையும் வழங்குவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. அந்த வேலி கட்டாக்காலி மாடுகளையும் கழுதைகளையும் தடுக்கும்.

பழத்தில் முதலிடம் வாழைக்கும் பப்பாசிக்கும். பிள்ளைக்கு ஒரு சிறிய கதலிப்பழம் அல்லது பப்பாசியில் ஒரு துண்டு என்பதற்கு மேல் 110 ரூபாவில் எதுவும் அடங்காது. பப்பாசி நட்டு எட்டு, ஒன்பது மாதத்தில் பழம் தரும், சோளகத்தில் மரம் சாயாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். வத்தகப்பழம் மணலில் நன்றாக வந்தாலும் பங்குனி, சித்திரை வெயிலில் ஒரே நேரத்தில் பழுத்துக் குவியும். பாடசாலைக்கு அதில் கொஞ்சம் போகும், மீதிக்கு வீதியோரக் கடைதான் வழி.

பறிப்பது முதல் அடுப்படி வரை

பாடசாலைச் சாப்பாடு பகலுக்கு முந்தியே பரிமாறப்படுகிறது. அதற்கு வழங்குநர் விடிய நான்கு மணிக்கே எழும்புகிறார். அந்த நேரத்தில் முற்றத்துப் பல்பின் கீழ் அவர் செய்யும் முதல் வேலை கீரை ஆய்வது. இலையில் மணல் இருந்தால் மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும், ஒரு வாளி நீருக்குக் கூடப் பொதுக் குழாயடியில் நிற்கும் ஊரில் அது சின்ன வேலை அல்ல. வேரை வெட்டி, தோட்டத்திலேயே ஒரு தண்ணீரில் அலசி, நீர் வடியவிட்டு, ஈரச் சாக்கு போட்டு மூடிய கடகத்தில் வரும் கீரை அவருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அதற்காக அவர் கட்டுக்குச் சில ரூபா கூடத் தருவார். தராவிட்டாலும் வேறு ஆளிடம் போகமாட்டார்.

கீரையும் வெண்டியும் முதல் நாள் மாலை வெயில் சாய்ந்தபின் பறிக்கப்பட வேண்டும். கத்தரியையும் பயற்றையையும் அப்போதே பறித்து நிழலில் பரப்பி வைக்கலாம். இலங்கையில் மரக்கறி, பழத்தில் 30 முதல் 40 வீதம் அறுவடைக்குப் பின் வீணாகிறது என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. அதன் பெரும்பகுதி சாக்கில் திணித்து மிதிபடுவதால் வருவது. சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போகும் ஏழு, எட்டு கிலோவுக்குச் சாக்கே தேவையில்லை, ஒரு பிளாஸ்திக் கூடையும் ஒரு கடகமும் போதும்.

மருந்து விடயத்தில் இந்தச் சந்தை வேறு எந்தச் சந்தையையும் விடக் கண்டிப்பானதாக இருக்க வேண்டும். சாப்பிடுவது ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள். ஒவ்வொரு பூச்சிமருந்தின் சுட்டித்துண்டிலும், அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று எழுதியிருக்கும். ஒன்றைவிட்ட ஒரு நாள் பறிக்கப்படும் வெண்டியில் அந்தக் காத்திருப்புக் காலம் ஏழு நாள், பதினான்கு நாள் என்றால் அதைக் கடைப்பிடிக்க வழியே இல்லை. இடையில் வரும் காயெல்லாம் முற்றி வீணாகும், அல்லது மருந்தோடு தட்டுக்குப் போகும். எனவே பாடசாலைக்கென்று ஒதுக்கிய வெண்டிக்கும் பயற்றைக்கும் அத்தகைய மருந்தை அடிக்கக் கூடாது. வேப்பங்கொட்டைக் கரைசல், மஞ்சள் ஒட்டுப்பொறி, கத்தரியில் புழு துளைத்த நுனியைக் கிள்ளி எரிப்பது, இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விவசாயத் திணைக்களம் வழங்கும் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழைப் பாடசாலைகள் வழக்கமாகக் கேட்பதில்லை. ஆனால் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் பதிந்து அதைப் பெற்றவருக்கு வைத்தியசாலையிலும் பல்பொருள் அங்காடியிலும் பேசும்போது அது உதவும். அதற்காக எழுதிவைக்கும் மருந்துப் பதிவேடு, ஏதாவது ஒரு நாள் ஒரு பிள்ளைக்கு வயிற்றுக்குத்து வந்தால் தோட்டக்காரரைக் காக்கும்.

கடன் என்ற பள்ளம்

இந்த வியாபாரத்தில் தோட்டக்காரர் சறுக்கும் இடம் கொடுப்பனவு. உறுதிச்சீட்டு பாடசாலையிலிருந்து வலயத்துக்குப் போய், நிதி ஒதுக்கீடு வந்து, காசு வழங்குநரின் கணக்கில் விழ ஒரு மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். கொடுப்பனவு பிந்துவதால் வழங்குநர்கள் விலகிக்கொள்வது நாடெங்கும் கேட்ட முறைப்பாடு. வழங்குநருக்குப் பிந்தினால் தோட்டக்காரருக்கும் பிந்தும். நாளுக்கு 2,160 ரூபா வீதம் 20 பாடசாலை நாட்களுக்கு 43,200 ரூபா. ஆறு கிழமை பிந்தினால் வெளியில் நிற்பது ஏறக்குறைய 65,000 ரூபா. அடுத்த போகத்தின் விதைக்கும் டீசலுக்கும் வைத்திருந்த காசை இதில் முடக்கிவிட்டு வட்டிக்குக் கடன் வாங்குபவர், எவ்வளவு நல்ல விலை கிடைத்தாலும் தோற்றவரே.

இதற்குச் சரியான ஏற்பாடு, பாதி நாளாந்தம், பாதி மாதக் கடைசியில் என்று பேசிக்கொள்வது. அதுவும் முடியாத வழங்குநரோடு தொடங்கும்போது, தோட்டத்தின் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாடசாலைக்கு ஒதுக்கக் கூடாது. மீதி மன்னார்ச் சந்தைக்கோ ஊர்க் கடைக்கோ கைக்காசுக்குப் போக வேண்டும்.

எழுத்து வேலை குறைவுதான், ஆனால் விடாமல் செய்யப்பட வேண்டும். இரட்டைப் பிரதிப் பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றில் திகதி, பொருள், நிறை, விலை எழுதி, ஒவ்வொரு நாளும் வழங்குநரின் கையொப்பம் பெற வேண்டும். ஒரே ஊர், ஒரே கோயில், மாமி முறை, மச்சாள் முறை என்று வெட்கப்பட்டு எழுதாமல் விட்டால் மாதக் கடைசியில் மனக்கசப்புத்தான் மிஞ்சும். கணக்காய்வு வந்தால் வழங்குநருக்கும் இந்தச் சீட்டு தேவைப்படலாம்.

பாடசாலை நாட்காட்டியையும் கையில் வைத்திருக்க வேண்டும். எருக்கலம்பிட்டியிலும் முசலிப் பக்கத்திலும் உள்ள முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை; மற்றப் பாடசாலைகளின் தவணை வேறு. இரண்டு வகைப் பாடசாலைக்கும் வழங்குபவருக்கு ஆண்டில் வெறுமையான கிழமைகள் குறையும். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைக்குக் காய் வந்து குவியாதபடி விதைப்புத் திகதியைப் பின்னோக்கி எண்ணிக் குறிக்க வேண்டும்.

தோட்டக்காரரே வழங்குநராவது

தோட்டமும் சமைக்கும் ஆட்களும் உள்ள குடும்பம் தானே வழங்குநராகலாம். மரக்கறிக்கான 18 ரூபா அப்போது வெளியே போகாது. ஆனால் பொறுப்பு வேறாகிவிடும். சமையலறையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்க வேண்டும்; சமைப்பவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் மருத்துவச் சான்று பெற வேண்டும்; 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி உணவு மாதிரி எடுக்கப்படலாம். கிணற்று நீர், கழிவு நீர் ஓடும் வழி, இலையான் புகாத வலை, மூடியுள்ள பாத்திரம் ஆகியவற்றில் குறை இருந்தால் தெரிவுக்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டும். அரிசி, பருப்பு, முட்டைக்கு ஒன்றரை மாதக் காசைக் கையிலிருந்து போடும் வலு இல்லாதவர் இதில் இறங்கக் கூடாது. மரக்கறி மட்டும் கொடுப்பதில் நட்டம் வந்தால் ஒரு போகத்தோடு போகும். வழங்குநராகிக் கடைக்கடனில் விழுந்தால் நகை அடைவுக்குப் போகும்.

வைத்தியசாலைக் கேள்வி

வைத்தியசாலை ஆண்டில் 365 நாளும் சமைக்கிறது, அதன் தேவையும் பெரிது. மரக்கறி, பழம், மீன், முட்டை, உலர் உணவு ஆகியவற்றுக்குப் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை கேள்வி அறிவித்தல் வெளியாகும். அரசாங்கப் பெறுகை வழிகாட்டிகள் புதுப்பிக்கப்பட்டு 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. பழைய படிவத்தை வைத்துத் தயாரிப்பது பயனற்றது. வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் செய்யப்பட வேண்டும். கேள்விப் பத்திரத்தில் கேட்கப்பட்டிருந்தால் பிணைமுறியும் வங்கிக் கூற்றும் இணைக்கப்பட வேண்டும். குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்த உறை திறக்கப்படமாட்டாது. திறக்கும் வேளையில் கேள்விதாரர் நேரில் இருக்கலாம், இருப்பது நல்லது. ஒப்பந்தப் பெறுமதி 50 இலட்சம் ரூபாவைத் தாண்டினால் 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழான பதிவும் வேண்டும்.

தனித் தோட்டக்காரர் இதில் நேரடியாக நுழைவதற்கு இரண்டு தடைகள் உண்டு. பட்டியலில் நாட்டு மரக்கறியோடு மலைநாட்டு மரக்கறியும் இருக்கும், கரட்டும் லீக்ஸும் மன்னார்த் தோட்டங்களில் வழக்கமாக விளைவதில்லை. அதோடு ஆண்டு முழுவதற்கும் ஒரே விலை எழுத வேண்டியிருக்கும். குறைத்து எழுதி வென்றவர் தை மாதத்தில் நட்டத்துக்கு வாங்கிக் கொடுப்பார் அல்லது ஒப்பந்தத்தை முறித்துக் கறுப்புப் பட்டியலில் விழுவார். எனவே ஒப்பந்தம் பெற்ற வியாபாரியிடம் போய்க் கீரை, வெண்டி, கத்தரி, பூசணி, முருங்கை ஆகியவற்றை மட்டும் கொடுக்க உடன்படுவதே இன்றைய நிலையில் நடக்கக்கூடியது. அவருக்கும் தம்புள்ளையிலிருந்து வாடிவரும் கீரையை விட இது இலாபம்.

சேர்ந்து விற்றல்

மேற்படி தடைகள் இருபது பேர் சேர்ந்தால் குறையும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்த கமக்கார அமைப்புகள் மன்னார்க் கிராமங்களில் உண்டு. ஆனால் அவற்றின் கூட்டங்களில் பேசப்படுவது பெரும்பாலும் நெல்லும் வாய்க்காலும் உரமும்தான். மரக்கறிக்கு ஓர் உபகுழு அமைத்து, யார் எந்தக் கிழமையில் எதை விதைப்பது என்று பிரித்துக்கொண்டால், ஒருவர் தோட்டத்தில் புழு விழுந்த கிழமை இன்னொருவரிடமிருந்து வழங்கலாம். வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருப்பதால் ஒரு சிறு சுழற்சி நிதி வைத்து, வழங்குநரின் காசு வருமுன் உறுப்பினர்களுக்குப் பாதித் தொகை கொடுக்கலாம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தையும் இதில் சேர்க்க முடியும்; அதற்கு லொறி இருக்கிறது, களஞ்சியம் இருக்கிறது, அரச அலுவலகங்களோடு கணக்கு வைத்த பழக்கமும் இருக்கிறது.

பிரேசில் நாடு 2009 இல் ஒரு சட்டம் இயற்றியது. பாடசாலை உணவுக்காக மத்திய அரசு கொடுக்கும் நிதியில் குறைந்தது 30 வீதம் சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்கச் செலவிடப்பட வேண்டும் என்று அது அப்போது விதித்தது. அங்கே மிகக் குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம் போவதில்லை. உள்ளூர்ச் சந்தையை விசாரித்து விலையை முன்கூட்டி அறிவித்து, பகிரங்க அழைப்பு விடுத்து, அருகிலுள்ளவர்களுக்கும் அவர்களின் கூட்டுறவுகளுக்கும் முன்னுரிமை கொடுக்கிறார்கள். இலங்கையில் அப்படி ஒரு கட்டாய வீதம் இல்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் தோட்டக்காரர்கள், கேட்க வேண்டிய இடங்கள் பிரதேச விவசாயக் குழுவும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும். சட்டம் வரும் வரை பாடசாலை மட்டத்தில் ஒன்று செய்யலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பெற்றோராகப் போயிருந்து, வழங்குநரைத் தெரிவு செய்யும்போது ஊர் மரக்கறி வாங்க உடன்படுபவருக்கு முன்னுரிமை என்று ஒரு வரி தீர்மானத்தில் சேர்க்கச் சொல்வதை எவரும் தடுக்கமாட்டார்கள்.

அந்தத் தெரிவு பாடசாலை ஆண்டு தொடங்குமுன் முடிந்துவிடும். ஐப்பசியில் முதல் மழை விழும்போதே அதிபரையும் வழங்குநராக வரக்கூடியவரையும் சந்தித்துப் பேசி, அதே கிழமை கத்தரி நாற்றுமேடையைப் போட்டு மழைக்கு மறைப்புக் கட்டிவிட வேண்டும். கார்த்திகையில் நட்ட நாற்று தை மாதக் கடைசியில்தான் காய் தரும்; முதலாம் தவணை அப்போது தொடங்கிச் சில கிழமை ஆகியிருக்கும்.